இடம் என்று எழுதிய வில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இறைவன் திருவருளால் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடல்நலத்தோடும் மனத்தெளிவோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு என் உடல் நலம். உன் அப்பாவின் உடலும் நலம். அவருடைய அறிவைப் பற்றியதே இக்கடிதம். கைப்பேசியில் பேசியிருக்கலாமே என்று நீ கேட்பாய். கைப்பேசியில் நீ அனுப்பும் விடைகளின் நீளத்தை நான் அறிவேன். கைகூப்பும் ஒரு படம், சிரிக்கும் ஒரு முகம், அதற்குமேல் ஒரு சொல் கிடைத்தால் அன்று எங்களுக்குப் பெரும்பேறு. அத்தகைய ஒரு சொல்லால் உன் தந்தையின் உயிர் சென்ற மாதம் ஊசலாடியது. ஆகவே உட்கார்ந்து பொறுமையாகப் படி. மருத்துவமனையில் லிஃப்டுக்குக் காத்து நிற்கும் நேரத்தில் படிக்காதே.

முதலில் வீட்டுச் செய்திகள். என் கண்ணில் புரை வளர்ந்திருக்கிறதாம், இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மங்கலாகத் தெரிவதும் ஒரு வரம் என்றே கொண்டேன், இவ்வீட்டில் தெளிவாகப் பார்க்கத்தக்கது எதுவும் நடப்பதில்லை. உன் தம்பி மறுபடியும் வேலை மாறிவிட்டான். இம்முறை டயர் விற்கும் கடையில் மேலாளராம், அவனுக்குக் கீழே யாரும் இல்லை, மேலே மூவர் இருக்கிறார்கள். அவன் மனைவி பொறுமைசாலி, அவளை இறைவன் காப்பான். எதிர்வீட்டுக்காரர் வாசலுக்குத் தானாகத் திறக்கும் கதவு போட்டிருக்கிறார், அது திறப்பதில்லை, அவர் தினமும் சுவரேறிக் குதித்து அலுவலகம் போகிறார். மழைக்கு நம் சமையலறைக் கூரை ஒழுகுகிறது. அதைச் செப்பனிட உன் அப்பாவுக்கு நேரம் இருந்ததில்லை. அவர்தான் விமானம் கட்டிக்கொண்டிருந்தாரே.

பறக்க வேண்டியவற்றுக்கு இறைவன் முட்டைக்குள்ளேயே சிறகை வைத்து அனுப்புகிறான். எவற்றுக்கு வைக்கவில்லையோ அவை நடந்து போகட்டும் என்பது அவன் திருவுள்ளம். இதை நான் உன் அப்பாவிடம் எடுத்துரைத்தபோது, படைத்தவன் எனக்கு மூளையையும் கொடுத்திருக்கிறானே என்றார். கொடுத்ததற்கு அடையாளம் ஏதும் காணோம் என்று நான் சொல்லவில்லை, அப்போது என்னிடம் பொறுமை இருந்தது. நீ ஊர்விட்டுப் போன பிறகு கார் வீதிக்கு வந்துவிட்டது, காக்கை எச்சம் படிந்து கிடக்கிறது. கார் ஷெட்டில் விமானம் குடியேறியது, உடலும் இயந்திரமும் முதலில், சிறகுகள் பிறகு. அதன் சிறகு ஷெட்டை விட நீளம் என்பது சிறகைச் செய்து முடித்த பிறகே அவருக்குத் தெரிந்தது. அளவுநாடா இருபுறமும் தொங்க நடமாடும் மனிதர் அவர், இருந்தும் ஷெட்டை மட்டும் அளக்கவில்லை. ஆகவே சிறகின் அடிப்பகுதி ஷெட்டிலும் நுனிப்பகுதி இடைக்கதவு வழியே நம் சாப்பாட்டு அறையிலும் கிடக்கும். நாங்கள் உணவு உண்பது சிறகின் நுனிக்குப் பக்கத்தில்தான். உப்பு எடுக்க வேண்டுமானால் நான் குனிந்து அதனடியில் புகுந்து மறுபக்கம் எழ வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு சிறகுக்குத்தான் இடமுண்டு என்பதால் இடச்சிறகு முதலில் முடிந்து, துணி போர்த்தி, வண்ணம் பூசப்பட்டு, ஷெட்டின் சுவரில் மூலைக்கு மூலை சாய்வாகத் தொங்கவிடப்பட்டது. அது நன்றாகவே வந்திருந்தது, நான் பொய் சொல்லக்கூடாது.

இந்தப் பெருந்தொழிலுக்கு அவருக்கு ஒரு துணைவர் வாய்த்தார். அடுத்த தெருவில் இருக்கும் ஆயுள் காப்பீட்டு முகவர், இப்போது ஓய்வு பெற்றவர். தெருவே அவரைப் பட்டம் என்று கூப்பிடுகிறது. மொட்டைமாடியில் இன்றும் பட்டம் விடுகிறார் என்பதால் வந்த பெயர். அவர் வாழ்நாளில் பெற்ற பட்டம் அது ஒன்றே. வேலையில் இருந்த காலமெல்லாம் மற்றவர் சாவைச் சொல்லிச் சொல்லி விற்றவர், இப்போது அதற்கு ஏற்பாடும் செய்ய முன்வந்துவிட்டார். காலையில் வந்தால் மாலை வரை இருப்பார். சூதானமாக வேலை செய்யத் தெரியாது, சும்மா இருக்கவும் தெரியாது.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படி. சிறகின் உடல் மரச்சட்டம், குறுக்கே விலா எலும்புகளைப் போல மெல்லிய சட்டங்கள். கடைசி விலாவுக்கு அப்பால் சிறகை அழகாக முடித்துவைக்க ஒரு வளைந்த மரம் வைக்க வேண்டும், அதை இவர்கள் வில் என்கிறார்கள். மெல்லிய மரப்பட்டைகளைப் பசை தடவி அடுக்கி, ஓர் அச்சில் வளைத்து, கிளாம்புகளால் இறுக்கிக் காயவிட்டால் வில். அதைச் சட்டத்தின் முனையில் பசையிட்டுப் பொருத்தி, இணைப்பின் மேலும் கீழும் பிளைவுட் துண்டுகளை ஒட்டி இறுக்குவார்கள். அதன் பிறகே துணி. பெயரளவில் வில்லே ஒழிய அது ஒரே தளத்தில் கிடப்பதில்லை, நுனி சற்றே மேல்நோக்கி எழும்பியிருக்கும். ஆகவே இடப்பக்கத்து வில் இடப்பக்கத்துக்கு மட்டுமே ஆகும், செருப்பைப் போல. வெண்பாவுக்கு ஈற்றுச்சீர் எப்படியோ சிறகுக்கு நுனி அப்படி. முன்னால் எத்தனை அடிகள் செம்மையாக வந்தாலும் ஈற்றுச்சீர் பிழைத்தால் அது வெண்பா ஆகாது. வெண்பா பிழைத்தால் புலவர் நாணுவார், யாரும் வானத்திலிருந்து விழுவதில்லை.

பழகிப் பார்ப்பதற்காக உன் அப்பா முதலில் ஓர் இடப்பக்க வில் செய்தார். பட்டைகளுக்கிடையே நகம் நுழையும் அளவுக்கு வெளி விட்டிருந்தது. இது சரிப்படாது என்று அவரே சொல்லி வேறொன்று செய்து, அதைத்தான் இடச்சிறகில் பொருத்தினார். ஆனால் தம் கையால் செய்ததைத் தூக்கி எறிய மனம் வருமா. அந்தக் குறைப்பிறவியை ஆணியில் மாட்டிவைத்தார். அது பிறந்த அன்று, பின்னால் குழப்பம் வராமல் இருக்க எந்தப் பக்கம் என்று எழுதிக் கொடு, உன் எழுத்துத்தான் அச்சு மாதிரி இருக்கும் என்று என்னிடம் வந்து நின்றார். நானும் வண்ணம் தொட்டு, தூரிகையால், இடம் என்று எழுதிக் கொடுத்தேன். இடமும் வலமும் நம் மொழியில் என்றும் உள்ள சொற்கள். பாடல்களில் இறைவனின் இடப்பாகத்தையும் வலப்பாகத்தையும் படித்து வளர்ந்தவளுக்கு வேறு எப்படி எழுதத் தோன்றும்.

சென்ற மாதம் வலச்சிறகு சாப்பாட்டு அறைக்கு வந்தது. அடிப்பக்கத்தில் முதலில் வேலை இருந்ததால் அதை முக்காலிகளின் மேல் குப்புறப் போட்டிருந்தார்கள். அதற்குரிய வலப்பக்க வில் அப்போதும் அச்சில் இறுகிக் காய்ந்துகொண்டிருந்தது. மாலையில் நான் வழிபாட்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன், உன் அப்பா பசை வாங்கப் போயிருந்தார், வீட்டில் பட்டம் தனியாக இருந்தார். சும்மா இருக்கத் தெரியாதவர் என்று முன்பே எழுதினேன். ஆணியில் தொங்கிய வில்லை எடுத்திருக்கிறார், சிறகின் முனையில் வைத்துப் பார்த்திருக்கிறார், அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்திருக்கிறது. உட்காராமல் என்ன செய்யும். குப்புறக் கிடப்பவனின் வலக்கை, மல்லாந்து கிடப்பவனின் இடக்கை இருக்கும் பக்கத்தில்தான் இருக்கும். போதாததற்கு வில்லின் மேல் என் கையெழுத்து வேறு. மீந்திருந்த பசையைத் தடவி ஒட்டி, பிளைவுட் துண்டுகளையும் வைத்து இறுக்கிவிட்டார். உன் அப்பா திரும்பி வந்து பார்த்து, அடடா எவ்வளவு கச்சிதம் என்று அவர் தோளில் தட்டினார். அச்சில் காய்கிற வில் அச்சிலேயே இருக்கிறது, சிறகிலும் ஒரு வில் இருக்கிறது, இது எங்கிருந்து வந்தது என்று அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. கேட்டால், அச்சின் மேல் சாக்கு போர்த்தியிருந்தது என்கிறார். அவர் அறிவின் மேல் என்ன போர்த்தியிருந்தது என்று நான் கேட்கவில்லை.

மறுநாளே அடிப்பக்கத்துக்குத் துணி போர்த்தினார்கள். அது ஒருவகைப் பாலியஸ்டர் துணி, ஓரங்களை ஒட்டிவிட்டு மேலே இஸ்திரிப்பெட்டி ஓட்டினால் சுருங்கி மத்தளம்போல் விறைக்கும். என் இஸ்திரிப்பெட்டி. அதன் அடியில் ஒட்டிய பசை அவருடைய ஒரே நல்ல சட்டையின் முதுகில் இப்போது பழுப்புப் பட்டையாக இருக்கிறது, அதற்காக நான் வருந்தவில்லை. அதன் பின் உன் தம்பியையும் கூப்பிட்டு மூவருமாகச் சிறகைப் புரட்டி நிமிர்த்தினார்கள். மேல்நோக்கி எழ வேண்டிய நுனி, திட்டு வாங்கிய நாயின் காதைப்போல் கீழ்நோக்கித் தொங்கிற்று. சுவரில் இருக்கும் இடச்சிறகு வானத்தைப் பார்க்கிறது, இது என் காலைப் பார்க்கிறது. உன் தம்பி சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரர் சுவர் மேலிருந்தபடியே எட்டிப் பார்த்தார். பட்டம் என் பக்கம் திரும்பி, "நீங்கதானே அண்ணி எழுதி வச்சீங்க, இடம்னு? இதான் இடம்னு நெனச்சு ஒட்டிட்டேன்" என்றார். தமிழ் பேசிப் பிறந்து தமிழிலேயே பாலிசி விற்றவர், இடம் என்றால் இடப்பக்கம் என்று ஒரு பொருள் உண்டென அவருக்குத் தெரியாது. உன் அப்பா உடனே அவர் பக்கம் சேர்ந்துகொண்டார், இடதுன்னு எழுதியிருந்தா இந்த வம்பே இல்லை என்று. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது மொழியின் செல்வம். ஆனால் சிலேடையை மரப்பட்டையின் மேல் எழுதியிருக்கக் கூடாது, அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன், அதற்குமேல் ஒப்புக்கொள்ளச் சொல்லி இந்த இருவரில் எவரும் என்னைக் கேட்கத் தகுதியுடையவர் அல்லர்.

இதுவரை நடந்தது மடமை. மடமையை இறைவன் மன்னிக்கிறான், நானும் மன்னித்திருப்பேன். பின் நடந்தது வேறு. துணியைப் பிரித்து, வில்லை அறுத்தெடுத்து, சரியான வில்லை வைத்தால் பத்துப் பன்னிரண்டு நாள் வேலை, அவ்வளவே. உன் அப்பா மறுத்தார். ஏன் தெரியுமா. அந்தத் துணியில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. இடச்சிறகில் ஓரத்தில் இரண்டு மடிப்பு விழுந்து நெடுநாள் மனம் நொந்திருந்தார், இது கண்ணாடிபோல் வந்துவிட்டது. அதைக் கிழிக்கக் கை வரவில்லை. கை வராததை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, கீழ்நோக்கி வளைந்த நுனியுள்ள விமானங்களும் உலகில் உண்டு, அவையும் பறக்கின்றன என்று நூலறிவோடு ஒரு விளக்கம் சொன்னார். இருபக்கமும் அப்படி இருப்பவை இருக்கலாம். ஒரு தோளைத் தூக்கி ஒரு தோளைத் தொங்கவிட்டுப் பறப்பது எது என்று கேட்டேன். வில்லே கழித்துப்போட்ட வில் ஆயிற்றே, இஸ்திரி போடும்போது அது முனகியதை நானே கேட்டேனே என்றும் சொன்னேன். அவர் மேல்பக்கத்துக்கும் துணி போர்த்தினார். போர்த்தி முடித்து, நல்ல வெளிச்சத்தில், நுனியின் கோணல் விழாத பக்கமாக நின்று படம் எடுத்து உனக்கு அனுப்பினார். நீ என்ன எழுதினாய் என்று உனக்கு நினைவிருக்காது. சூப்பர் அப்பா என்று எழுதினாய். பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

மகளே, அந்த ஒரு சொல்லை அவர் சான்றிதழ்போல் கொண்டு திரிந்தார். பட்டத்திடம் காட்டினார், உன் தம்பியிடம் காட்டினார், கண் மருத்துவரின் வரவேற்பறையில் முன்பின் தெரியாத ஓர் அம்மாளிடமும் காட்டினார். என் மகள் படித்தவள், பெரிய வேலையில் இருப்பவள், அவளே சொல்லிவிட்டாள் என்றார். நீ படித்தது பற்களைப் பற்றிய படிப்பு என்பது அவருக்கு நினைவில்லை. நீ எதைப் பார்த்து அப்படிச் சொன்னாய். ஒரு மனிதர் ஏறி அமர்ந்து வானத்துக்குப் போகப்போகும் பொருளை, ஒரு நோயாளி போய் அடுத்த நோயாளி வருவதற்குள் பார்த்து, கட்டைவிரல் காட்டிவிட்டாய். பட்டத்துக்குப் படிக்கத் தெரியவில்லை, உன் அப்பாவுக்கு எண்ணத் தெரியவில்லை, உனக்குப் பார்க்கத் தெரியவில்லை. மூவரில் உன்னைத்தான் நான் பெற்றேன் என்பதால் உன்மேல் எனக்குக் கோபம் கூடுதல்.

சென்ற வாரம் இரவு உணவின்போது தம் திட்டத்தைச் சொன்னார். விமானத்தைச் சோதித்து ஒப்புதல் தர வரும் அரசு அதிகாரி நுனியைப் பார்த்தால் கேள்வி கேட்பாராம். ஆகவே அவர் வருவதற்கு முன்பே, தாம் முன்பு காசு கட்டி விமானம் ஓட்டப் பழகிய திடலுக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், தரையை விட்டு ஒரு முறை எழும்பிப் பார்த்துவிடப் போகிறாராம். பறந்தே காட்டிவிட்டால் அதிகாரி என்ன சொல்ல முடியும் என்றார். பட்டம் வண்டிக்குச் சொல்லிவிட்டாராம். அந்த நுனி எங்கள் இருவருக்கும் நடுவே, தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவரை நான் சொல்லாத வசவு இல்லை. எல்லாம் அவருக்குப் பழகிவிட்டது, மழைச்சத்தம்போல் கேட்டுக்கொண்டே உண்பார். அன்று நான் வையவில்லை. அந்த விமானத்தில் அவர் இருக்கைக்குப் பின்னால் இன்னோர் இருக்கை உண்டு, என்னை எத்தனையோ முறை அழைத்திருக்கிறார், நான் ஏளனம் செய்து தள்ளிவிட்டிருக்கிறேன். அவர் தட்டில் உணவிட்டபடியே சொன்னேன்:

"சரி, போங்க. பின்னாடி சீட்டுல நான் உக்காந்துக்கறேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். "உனக்கென்ன பைத்தியமா? இந்தத் தடவை வேண்டாம். சும்மா பாக்கத்தானே போறேன்" என்றார்.

"ஏன் வேண்டாம்? நல்லாப் பறக்கும்னு நீங்கதானே சொன்னீங்க. உங்க பொண்ணும் சொல்லிட்டா."

நான் அச்சமூட்டுவதற்காகச் சொல்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார். என்னோடு இத்தனை காலம் வாழ்ந்தவர், நான் சொன்னால் வந்து உட்கார்வேன் என்பது அவருக்குத் தெரியும். அவரை எமனிடம் தனியாக அனுப்பிவிட்டு இங்கே யாருக்கு நான் உப்புப் பார்த்துச் சமைப்பது. உணவைப் பாதியில் விட்டு எழுந்தார், கை கழுவினார், ஷெட்டுக்குள் போனார். வரும்போது கையில் பிளேடு இருந்தது. கடைசி விலாவின் ஓரமாகக் கோடுபோல் இழுத்தார். விறைத்திருந்த துணி படீரென்று பிளந்து இருபுறமும் சுருண்டது. வில்லைக் கையால் பற்றி இழுத்தார். சட்டத்தோடு ஒட்டியிருந்த இணைப்பு அசையவே இல்லை, பட்டத்தின் பசை அவ்வளவு கெட்டி. வில்தான் பட்டை பட்டையாக, பழம்புத்தகம் தாள் தாளாகக் கழல்வதுபோல், அவர் கையிலேயே பிரிந்துவிட்டது. ஒரு கிழவரின் கை இழுத்த இழுப்புக்கே அந்தக் கதி. பட்டைகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். தம் உயிருக்குப் போதும் என்று அவர் முடிவு செய்திருந்த நுனி, என் உயிருக்குப் போதவில்லை. இதை அன்பு என்று நீ சொல்வாய். இருக்கலாம். ஆனால் தம்மைத் தாமே அவ்வளவு மலிவாக மதிக்கும் மனிதரை நான் மதிப்பதற்கில்லை, அன்றே அவரிடம் அப்படியே சொல்லியும் விட்டேன்.

இப்போதைய நிலை இது. மறுநாளிலிருந்து அவர் ஷெட்டுப் பக்கம் போவதில்லை. எல்லாவற்றையும் விறகுக்குப் போட்டுவிடப் போகிறேன் என்கிறார். பட்டம் வந்து வாசலில் நிற்கிறார், இவர் முகம் காட்டுவதில்லை, அவரும் பட்டம் விடப் போய்விடுகிறார். பிழையாகப் பறக்கத் துணிவு இருந்தது, பிழையைத் திருத்தத் துணிவு இல்லை. இதைவிட இழிவு ஏதும் உண்டா. நான் அந்த விமானத்தை என்றும் விரும்பியவள் அல்லள், ஆனால் அரைகுறையாக நிற்கும் எதையும் எனக்குப் பிடிக்காது. அச்சில் இருக்கும் வலப்பக்க வில்லை நேற்று நானே சாக்கை விலக்கிப் பார்த்தேன். என் மங்கல் கண்ணுக்கும் விரலுக்கும் பட்டைகளுக்கிடையே வெளி ஏதும் தட்டுப்படவில்லை. ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்று. இக்கடிதம் கிடைத்ததும் அவரோடு பேசு. எழுதாதே, பேசு. பார்க்காமல் சொல்லிவிட்டேன் அப்பா, அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல். பிறகு, சரியான வில்லை எப்போது வைக்கப் போகிறீர்கள் என்று கேள். நான் கேட்டால் ஏளனம் என்று நினைக்கிறார், என் குரல் அப்படி அமைந்துவிட்டது. இனி அவர் படம் அனுப்பினால் நான்கு பக்கமும் காட்டச் சொல். குறை தெரிந்தால் கூசாமல் சொல். வாய்க்குள் பார்த்துச் சொத்தையைச் சொத்தை என்று சொல்லத் தெரிந்தவளுக்கு இது என்ன கடினம்.

பேத்திக்குப் பால்பல் ஆடுகிறதாம், பல் மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கு இனிப்பைக் குறைக்கச் சொல்லி நான் எழுத வேண்டியிருப்பது உனக்கு அழகன்று. மாப்பிள்ளையின் முதுகுவலிக்கு உட்காரும் நாற்காலியை மாற்றச் சொல். விடியலில் எழுந்து விளக்கின் முன் ஒரு பாடலாவது சொல், பொருள் தெரியாவிட்டால் என்னைக் கேள், பட்டத்தைப்போல் ஊகித்துக்கொள்ளாதே. எல்லாம் வல்லவன் உங்கள் மூவரையும் நோய்நொடியின்றி, நல்லறிவு குன்றாமல், நெடுங்காலம் காத்தருள வேண்டுகிறேன்.

ஒன்றை மறவாதே. அவர் அதைச் சரியாக முடித்து, அதிகாரி பார்த்து ஒப்பிய பின், அந்தப் பின்னிருக்கையில் நான் உட்காரத்தான் போகிறேன். சொன்ன சொல்லை மாற்றும் வழக்கம் எனக்கில்லை. அன்று வாழ்த்து அனுப்புவதாயின், எழுவாயும் பயனிலையும் உள்ள ஒரு முழு வாக்கியமாக எழுது.

உன் நலமே நாடும்,
அம்மா